வெள்ளைக் களிமண்ணில் அரக்கு நூல்

பேக்கரியில் அவளுக்குப் பெயர் க்ரீமக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவாள். கேக்கின்மேல் க்ரீமால் ரோஜா போடுவதும் இலை போடுவதும் ஓரமெல்லாம் சுருள் வைப்பதும் அவள் வேலை. அந்தக் கைக்குத்தான் கண் பட்டதுபோல் ஆகிவிட்டது. கழுவிவிட்ட தரையில் மூன்றடுக்குக் கேக்கோடு வழுக்கினாள். தட்டை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் ஊன்றினாள். கேக்கும் போயிற்று, இரண்டு மணிக்கட்டும் போயிற்று.

ஒரு கை முறிந்தால் இன்னொரு கையால் சமாளிக்கலாம். இரண்டுக்கும் மாவுக்கட்டுப் போட்டுவிட்டால் மூக்கு அரித்தால்கூட ஆளைக் கூப்பிட வேண்டும். கணவர் லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். நாலைந்து நாள் விடுப்புப் போட்டுக் கூடவே இருந்தார். பாவம், ஊட்டத் தெரியாமல் அவள் வாயைவிடத் தாடைக்கும் கழுத்துக்கும்தான் அதிகமாக ஊட்டினார். அவர் கிளம்ப வேண்டிய நாளன்று காலையில் வாசலில் ஒரு பெரிய பை வந்து இறங்கியது. பைக்குப் பின்னால் நாத்தனார் நின்றார்.

க்ரீமக்கா பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்திருந்தால் பரவாயில்லை. முன்பின் தெரியாதவர் வந்திருந்தாலும் பரவாயில்லை. இவரா?

நாத்தனார் டிரைவருக்கு மூத்தவர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை. மலைமலையாக வரும் படுக்கை விரிப்புகளில் ஒரு கறையோ ஒரு பிசிறோ அவர் கண்ணுக்குத் தப்பாது. எதிரே நிற்பவர்களின் தோளிலிருந்து நூல்பிசிறைப் பொறுக்கிக்கொண்டேதான் பேசுவார். க்ரீமக்கா இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், பார்க்க வந்த இடத்தில், நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: "கேக்குல பூ போடறதெல்லாம் ஒரு வேலையா? எவளும் போடலாம்."

சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். கேட்டவள் மறப்பாளா? அதற்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. ஒருவரை ஒருவர் விசாரித்ததாக டிரைவரிடம் சொல்லியனுப்புவார்கள். அவரும் லாரி ஓட்டியது போக மீதி நேரத்தில் தபால்காரர் வேலை பார்த்தார்.

அப்படிப்பட்டவர் இப்போது அவளைக் குளிப்பாட்ட வேண்டும். முதல் நாள் க்ரீமக்கா கூச்சத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றாள். மாவுக்கட்டில் தண்ணீர் படாமல் கைகளுக்கு பிளாஸ்டிக் பை கட்டிய நாத்தனாரும் சுவரைப் பார்த்துத்தான் பேசினார். ஆஸ்பத்திரித் துணி எவ்வளவோ துவைத்தாகிவிட்டது, இது ஒன்றும் பெரிய வேலை இல்லை என்றார். துணியோடு துணியாகத் தன்னையும் சேர்த்துவிட்டாரே என்று அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிடமே சிரிப்பு வந்தது. சோப்பு வாயில் போகும் அளவுக்குச் சிரித்தாள். அன்றோடு கூச்சம் போயிற்று.

ஊட்டினார், தலை வாரினார், பல் தேய்த்துவிட்டார், மூக்குச் சிந்திவிட்டார். சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று டிரைவர் போனில் சொல்லித்தான் தெரியும். பெற்றவள் இருந்தாலும் இதற்குமேல் செய்திருக்க முடியாது. க்ரீமக்கா ஒருநாள் வாயைத் திறந்து நன்றி சொல்லப் பார்த்தாள். "வாயை மூடு, சோறு சிந்துது" என்று அடுத்த கவளத்தை உள்ளே தள்ளிவிட்டார். அதற்குமேல் எங்கே நன்றி சொல்வது?

மாவுக்கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்து வந்தவை யாருடைய கைகளோ. மெலிந்து, வெளுத்து, ஒரு தேக்கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாமல் நடுங்கின. பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். இரண்டு நாளில் க்ரீமக்காவுக்கு அந்தப் பந்தைக் கண்டாலே எரிச்சல். சும்மா அமுக்கி அமுக்கி என்ன ஆகப்போகிறது, ஒரு பூவாவது வருமா என்று கேட்டாள். அந்தப் பெண் யோசித்துவிட்டு, பாலிமர் களிமண் என்று சின்னச் சின்னக் கட்டிகளாகக் காகிதம் சுற்றி விற்கிறார்கள், அதை வாங்கிப் பிசையுங்கள் என்றாள். கல் மாதிரிதான் இருக்கும், கைச்சூட்டில் பிசையப் பிசைய இளகும், விரலுக்கு நல்ல பயிற்சி. பிசைந்ததைக் காலி ஜாம் பாட்டிலின்மேல் பூவும் இலையுமாக ஒட்டி ஓவனில் வைத்து எடுத்தால் அப்படியே இறுகிவிடும், உள்ளே ஒரு சின்ன மெழுகுவர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

நாத்தனார் போய் வெள்ளையில் சில கட்டிகள் வாங்கிவந்தார். வெளிச்சம் ஊடுருவுகிற வெள்ளை அது. முதல் நாள் க்ரீமக்கா அதன்மேல் கட்டைவிரலை வைத்து உடம்பின் பலத்தையெல்லாம் கொடுத்தாள். ஒரு பள்ளம்கூட விழவில்லை. கட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு விசும்பி விசும்பி அழுதாள். நாத்தனார் கட்டிலுக்கு அடியில் உருண்டதை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தார்.

மறுநாள் காலையில் அதே கட்டி கொஞ்சம் வழிக்கு வந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் நன்றாக வந்தது. புதுக் கட்டியைப் பிரித்தாலும் விரலுக்கு அடங்கியது. க்ரீமக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கை திரும்பிவிட்டது! மொத்தையாக ஒரு இலை வந்தது, பிறகு மெல்லியதாக ஒன்று, பிறகு ரோஜா. க்ரீம் ரோஜா வேறு, இது வேறு. ஆனாலும் இதழை எங்கே மடிக்க வேண்டும் என்பது விரலுக்கு மறக்கவில்லை.

பாட்டிலை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பாள், இல்லாவிட்டால் விரல் எண்ணெய்க்குக் களிமண் பிடிக்காது. கழுத்தைச் சுற்றி ஒரு கொடி, அதில் இலை, பூ என்று போட்டு முடிப்பாள். ஓவன் வேலையை மட்டும் நாத்தனார் விடவில்லை. துணியில் தைத்திருக்கும் லேபிளைப் படிக்காமல் துவைக்கிறவள் துணிக்கு எதிரி என்பது அவர் கட்சி. களிமண் உறையில் இருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்து, கண்ணாடியைக் குளிர்ந்த ஓவனில் வைத்துவிட்டுத்தான் சூட்டை ஏற்றுவார். அணைத்தபிறகும் ஓவன் தானாக ஆறும்வரை கதவைத் தொடவிடமாட்டார்.

அப்படிச் செய்த முதல் விளக்குக் குவளை சன்னல் ஓரத்தில் உட்கார்ந்தது. அடுத்தது பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்குப் போயிற்று. பேக்கரி முதலாளிக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ரொட்டி மாஸ்டருக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று. யார் யார் உதவினார்களோ அவர்களுக்கெல்லாம் விளக்காகவே நன்றி சொல்லி முடித்தாள்.

ஒரே ஒரு எரிச்சல்தான். வெள்ளைக் களிமண் காந்தம் மாதிரி தூசியை இழுக்கும். அதில் அரக்கு நிறத்தில் பொடிப்பொடியாக நூல்பிசிறு. வீட்டில் அரக்கு நிறத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, நாத்தனார் விடியற்காலையில் போர்த்திக்கொள்ளும் கம்பளிச் சால்வை. ஊசியால் ஒவ்வொரு பிசிறாகக் குத்தி எடுத்துக்கொண்டே க்ரீமக்கா ஒருநாள் கடுகடுத்துவிட்டாள். ஊரார் தோளில் பிசிறு பொறுக்குகிறவர் தன் சால்வையை உதறக் கூடாதா என்று கேட்டேவிட்டாள். நாத்தனார் திருதிருவென்று விழித்தார். எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுப்பவர் அன்று சொன்னதைக் கேட்டார். சால்வையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் உதறினார். அதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

நாத்தனாரின் விடுப்பு முடியும் நேரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ். மறுநாள் திங்கட்கிழமை க்ரீமக்காவும் வேலைக்கு வருவதாக முதலாளியிடம் சொல்லியாயிற்று. எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டது, யாருக்கு முதலில் கொடுத்திருக்க வேண்டுமோ அவருக்குத்தான் இன்னும் இல்லை. வேண்டுமென்றேதான் கடைசியாக வைத்திருந்தாள். வாயால் சொன்னால் கேட்கமாட்டார், கையால் சொல்ல வேண்டும். அதுவும் யார் உதவியும் இல்லாமல், நீங்கள் சோறூட்டிய இந்தக் கை தனியாகச் செய்தது என்று காட்ட வேண்டும். அது மட்டும் நடக்காமல் அவரை அனுப்பிவிட்டால் ஆயுசுக்கும் மனசு ஆறாது.

நாத்தனார் பார்க்காத நேரமாகப் பார்த்து, இருப்பதிலேயே நல்ல கண்ணாடிக் குவளையைச் சுற்றி ரோஜாக்களை வைத்தாள். வெள்ளிக்கிழமை அவர் பஸ் டிக்கெட் எடுக்க வெளியே போனதும் ஓவனைப் போட்டாள். அங்கேதான் பேக்கரிக்காரியின் புத்தி வேலை செய்தது. கேக் வைக்கிறவள் ஓவனை முன்னாலேயே சூடேற்றாமல் எதையும் உள்ளே வைக்கமாட்டாள். வெந்த கேக்கை ஓவனிலேயே விட்டால் காய்ந்துபோகும் என்பதும் அவள் ரத்தத்தில் ஊறியது. நன்றாகச் சூடேற்றிய ஓவனில் வைத்தாள், நேரம் ஆனதும் டக்கென்று வெளியே எடுத்தாள், ஆறட்டும் என்று கல்மேடையில் வைத்தாள். நாத்தனார் போகும்போது ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போன கல்மேடை அது.

ஒரு சின்னச் சத்தம்தான் கேட்டது. குவளை மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளந்தது. பூக்கொடி மட்டும் இறுகிப்போய் இரண்டு பாதியையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை குவளையை அவர் ஓவனில் வைத்து எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவள், தன் முறை வந்ததும் கண்ணாடியைக் கேக்காக்கிவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு அதைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியின் அடியில் புதைத்தாள்.

இன்னும் சனிக்கிழமை முழுசாக இருந்தது. வீட்டில் களிமண் தீர்ந்திருந்தது. அன்றைக்கே கடைத்தெருவுக்குத் தானே போய் வெள்ளையில் நாலைந்து கட்டிகளும், மொட்டுகளுக்கு நாத்தனாரின் சால்வை நிறத்திலேயே ஒன்றும் வாங்கிவந்தாள். நாத்தனார் மாடியில் துணி காயப்போடும் நேரத்தில் ஒரு வெள்ளைக் கட்டியைப் பிரித்துக் கட்டைவிரலை வைத்தாள்.

பள்ளம் விழவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினாள். உள்ளங்கையில் வைத்து ஊதிச் சூடாக்கி அமுக்கினாள். மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்ததே தவிர கட்டி கல்லுளிமங்கன் மாதிரி கிடந்தது. வேறொன்றைப் பிரித்தாள், அதுவும் அப்படியே. கை மறுபடியும் போய்விட்டது என்றே நினைத்தாள். திங்கட்கிழமை எந்த முகத்தோடு பேக்கரிக்குள் நுழைவது? அதைவிட, ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு எப்படி அவரை பஸ் ஏற்றுவது? கட்டிகளை மேசைமேல் அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். தலைவலி என்று சொன்னாள். நாத்தனார் மாத்திரையும் வெந்நீரும் கொண்டுவந்தார்.

சாயங்காலம் எழுந்து, மனசு கேட்காமல், சன்னல் ஓரத்திலிருந்த அந்த முதல் குவளையில் மெழுகுவர்த்தியை ஏற்றினாள். வெள்ளை இலைகள் ஒவ்வொன்றாக வெளிச்சம் வாங்கின. உள்ளே அரக்கு நூல்கள் தெரிந்தன. எப்போதும் எரிச்சலோடு பார்த்ததை இன்றுதான் நிதானமாகப் பார்த்தாள். பிசிறு இலையின் மேலே ஒட்டியிருக்கவில்லை. உள்ளே, ஆழத்தில், சுழிசுழியாகக் கலந்திருந்தது. மேலே தூவிய திராட்சை வேறு, மாவோடு சேர்த்துப் பிசைந்த திராட்சை வேறு. பேக்கரிக்காரிக்கு இதுகூடவா தெரியாது? இது காற்றில் பறந்து வந்து விழுந்த நூல் இல்லை. யாரோ பிசைந்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை விடியற்காலையில் சமையலறையில் விளக்கெரிந்தது. க்ரீமக்கா பூனைமாதிரி போய் எட்டிப்பார்த்தாள். நாத்தனார் அரக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயிற்றோடு அணைத்தாற்போல் சால்வைக்குள் வைத்திருந்த ஒரு கட்டியை எடுத்தார். சூடு ஏறியிருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பலகையில் போட்டு, எழுந்து நின்று, நனைந்த விரிப்பைப் பிழிகிறவர் மாதிரி உள்ளங்கையின் அடிப்பகுதியால் முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினார். முகம் சிவந்தது. கை அதைவிடச் சிவந்தது. இளகியதும் பழையபடி கட்டியாகத் தட்டி, அதே காகிதத்தில் வைத்து, படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பதுபோல் நாலு மூலையும் அச்சாக மடித்தார். கடையில் மடித்ததில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அவ்வளவு நாளும் அவர் இப்படித்தான் விடியலுக்கு முன்னால் எழுந்திருக்கிறார். பள்ளம் விழவில்லை என்று அவள் அழுத அன்றைக்கு மறுநாளிலிருந்து. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று சிரிக்கத்தான் நினைத்தாள், சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் கோபமும் வந்தது, பொய் சொல்வானேன். கை திரும்பிவிட்டது என்று ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்ததெல்லாம் இவர் கைவலியா?

"அண்ணி" என்றாள்.

நாத்தனார் திருடி மாட்டிக்கொண்டவர்போல் விழித்தார். பிறகு சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"தலைவலி போச்சா?"

"அப்போ என் கையில ஒண்ணுமே வரலையா? எல்லாம் நீங்க பிசைஞ்சதா?"

"உட்காரு."

உட்கார்ந்தாள். நாத்தனார் அவள் இரண்டு கைகளையும் எடுத்து மேசைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உலர்ந்த துணியில் கறை இருக்கிறதா என்று பார்ப்பவர்போல.

"பிசையறது எவளும் பிசையலாம். பூ போட எவளுக்கு வரும்? நானும் ஒருநாள் யாருக்கும் தெரியாம ஒரு ரோஜா போட்டுப் பார்த்தேன். முட்டைக்கோஸ் மாதிரி வந்துச்சு, அமுக்கி உருண்டையாக்கிட்டேன்."

க்ரீமக்காவுக்கு எதிரே இருந்த சுவர் மங்கலாகத் தெரிந்தது. எவளும் போடலாம் என்று அன்றைக்கு நாலு பேர் முன்னால் கேட்ட குரல்தான் இது. இத்தனை வருஷமும் நெஞ்சில் தைத்துக்கொண்டிருந்ததை அதே கை வந்து பிடுங்கிப்போட்டது. பிடுங்கியவருக்கு அது தெரிந்திருந்ததா என்று அவள் கேட்கவில்லை. திங்கட்கிழமையை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். பேக்கரியில் என்ன கல்லையா பிசையச் சொல்கிறார்கள், க்ரீம் பையை அமுக்க இந்தக் கை தாராளம் என்று நாத்தனார் அடித்துச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"குப்பை கட்டும்போது அந்த உடைஞ்ச குவளையைப் பார்த்தேன். யாருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. உனக்கு இதைப் பிசைய வராது, நாளைக்கு நான் கிளம்பணும். வேற என்ன செய்றது? எனக்கு வர வேண்டியதுக்கு நானே பிசைஞ்சுட்டு உட்கார்ந்திருக்கேன்."

இதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டு பேரும் இரண்டையும் செய்தார்கள்.

சனிக்கிழமை முழுவதும் அந்தக் குவளைக்குத்தான். நாத்தனார் இளக்கிக் கொடுக்கக் கொடுக்க க்ரீமக்கா இதழ் மடித்தாள். யார் உதவியும் இல்லாமல் செய்து காட்ட வேண்டும் என்று நினைத்தவளுக்கு, பக்கத்தில் அவர் இல்லாமல் இதைச் செய்து என்ன பிரயோசனம் என்று தோன்றியது. நாத்தனார் பழக்கத்தில் ஒரு இலையிலிருந்த அரக்கு நூலை நகத்தால் கிள்ளப் போனார். க்ரீமக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அது அப்படியே இருக்கட்டும் என்றாள். அந்த நூலே போதும் என்று அரக்குக் கட்டியைப் பிரிக்கவும் இல்லை. ஓவன் பக்கம் அவள் போகவில்லை. நாத்தனார் உறையை மறுபடியும் எழுத்தெழுத்தாகப் படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறும்போது குவளை அவர் பைக்குள், அதே சால்வைக்குள் சுற்றியிருந்தது. சன்னல் வழியாகக் கை நீட்டி க்ரீமக்காவின் தோளிலிருந்து ஒரு நூலைப் பொறுக்கினார். பஸ் நகர்ந்தது. சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததை அவள் கடைசிவரை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மேசையை ஒழித்தாள். மீதியிருந்த கட்டிகள் வரிசையாக இருந்தன, மூலைகள் விரிப்புபோல் மடிக்கப்பட்டு. ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். ஒவ்வொன்றும் அமுங்கியது. ஊருக்குப் போகிற அன்றைக்கும் எழுந்து பிசைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைசியில் இருந்த அரக்குக் கட்டி மட்டும் கடையில் ஒட்டிய பசை பிரியாமல், கல் மாதிரி இருந்தது.

நேரம் இல்லாமல் விட்டிருப்பாரா? அவரா? நாத்தனாருக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கம் கிடையாது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கட்டியை வயிற்றோடு வைத்து அணைத்துக்கொண்டு ஒரு கோப்பை தேநீர் குடித்தாள். பிறகு பலகையில் போட்டு, எழுந்து நின்று, அவர் செய்ததுபோலவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து உடம்பைச் சாய்த்தாள். விரல் பலத்தை நம்பியதுதான் இத்தனை நாளும் செய்த தப்பு. வலித்தது. உட்கார்ந்தாள், மறுபடியும் வயிற்றோடு வைத்துக்கொண்டாள், மறுபடியும் எழுந்தாள். வெயில் சன்னலைத் தாண்டிப் போனபிறகு ஒரு ஓரம் இளகியது. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடுவுக்கு வந்தாள். கட்டைவிரலை வைத்தாள். விரல் உள்ளே போயிற்று.

வழக்கப்படி டிரைவருக்குத்தான் போன் செய்தாள். அவர் ரோட்டில் எங்கேயோ இருந்தார். அக்காவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தபால்காரர் கேட்டார். வேண்டாம், நம்பரைக் கொடுங்கள், நானே பேசிக்கொள்கிறேன் என்றாள். அவர் நம்பரை நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை சொன்னார்.

நாத்தனார் இன்னும் பஸ்ஸில்தான் இருந்தார். இரைச்சலுக்கு நடுவே சத்தமாகப் பேச வேண்டியிருந்தது.

"அண்ணி, அந்த அரக்குக் கட்டியை நானே பிசைஞ்சுட்டேன். முழுசா. என் கையாலேயே." குரல் உடைந்தது. உடைந்தாலும் விடவில்லை. "உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை அண்ணி."

பஸ் இரைந்துகொண்டே இருந்தது. கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

"சரி சரி. கையைக் கழுவிட்டுச் சாப்பிடு" என்றார். "நீயே எடுத்துப் போட்டுச் சாப்பிடு."